தோற்பவரைப் பாருங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிக்கப் போகிறார் என்று முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். அப்படியும் அரங்கம் நிறைகிறது, பெரியவர்கள்கூடக் கண் கலங்குகிறார்கள். இதில் அப்படி என்னதான் இருக்கிறது? இதைக் கலை என்று சொல்ல முடியுமா?"

முடியும் என்றுதான் சொல்வேன். பல வருடங்களாக இதைப் பார்த்தும் இதைப் பற்றிப் படித்தும் வருகிறேன். அதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

1971 ஜனவரி 18ஆம் தேதி இரவிலிருந்து தொடங்கலாம். இடம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். இத்தாலியில் பிறந்து சிறு வயதில் அமெரிக்காவுக்கு வந்த புரூனோ சமார்டினோ 1963 மே மாதத்திலிருந்து சாம்பியன். ஏழு வருடம் எட்டு மாதம். அந்த நகரத்தின் இத்தாலியக் குடும்பங்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. அன்று அவரை எதிர்த்தவர் ஐவன் கோலாஃப், மொட்டைத் தலையும் தாடியுமாக ஒரு ரஷ்ய வில்லன். பனிப்போர்க் காலம். 'ரஷ்யன்' என்ற ஒரு சொல்லே கூட்டத்தைக் கொதிக்க வைக்கப் போதும். கோலாஃப் மூலையில் ஏறி, மேல் கயிற்றிலிருந்து குதித்து, முழங்காலைச் சமார்டினோவின் மேல் இறக்கினார். சமார்டினோவின் தோள்கள் தரையில் அழுந்தியிருக்க, நடுவர் மூன்று எண்ணினார். ஆட்டம் முடிந்தது. அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று அந்த நொடியில் நினைத்ததாகச் சமார்டினோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் அழுகைச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

சமார்டினோவுக்கு முடிவு முன்பே தெரியும். கோலாஃபுக்கும் தெரியும். சொல்லப்போனால் கோலாஃப் ரஷ்யரே இல்லை. ஓரியல் பெரஸ் என்ற இயற்பெயர் கொண்ட கனடாக்காரர். பட்டம் அவரிடம் 21 நாள்தான் இருந்தது. பிப்ரவரி 8ஆம் தேதி போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பெட்ரோ மொராலஸிடம் தோற்றார். மக்கள் நேசிக்கும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பட்டம் நேராகப் போனால் கூட்டம் இரண்டாகப் பிளந்துவிடும். நடுவில் பாலம் போட ஒரு வில்லன் வேண்டும். கோலாஃப் அந்தப் பாலம். இவ்வளவும் கணக்குப் போட்டுச் செய்தது. ஆனால் அந்த அமைதியை யாராலும் எழுதி வைத்திருக்க முடியாது. இத்தனை காலம் ஜெயித்துக்கொண்டே இருந்த ஒரு மனிதர் மிகச் சரியாகத் தோற்றதால் வந்த அமைதி அது.

மல்யுத்தம் பார்க்கிற பலர் அடிக்கிறவரைத்தான் பார்க்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் பார்த்தேன். இந்தக் கலையின் பாதிக்கு மேல் அடி வாங்குகிறவரிடம் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. தோற்க ஒப்புக்கொண்டு, தன் உடம்பை இன்னொருவர் கையில் கொடுத்து, அவரைப் பெரிய ஆளாகக் காட்டுகிற வேலை அது. யார் ஜெயிப்பார் என்பது உள்ளே பேசி வைத்த விஷயம். எப்படித் தோற்பது என்பதை ஒவ்வொரு இரவும் புதிதாகச் செய்தாக வேண்டும்.

முடிவைப் பேசி வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன கார்னிவல் கூடாரங்களில் மல்யுத்தமும் ஒரு காட்சி. எங்கள் ஆளிடம் இத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தால் பணம் என்று சவால் விடுவார்கள். பந்தயம் நடக்கும் இடத்தில் பேசி வைப்பதும் நடக்கும். 'கேஃபேப்' என்ற தொழில் சொல்லும் அந்தக் கார்னிவல் பேச்சிலிருந்து வந்ததாகத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். உள் விவகாரத்தை வெளியாளுக்குக் காட்டாமல், எந்த நேரத்திலும் வேடத்தை விடாமல் இருப்பதற்குப் பெயர் கேஃபேப். நல்லவராக வருபவர் 'ஃபேஸ்', கெட்டவராக வருபவர் 'ஹீல்'. பொது இடத்தில் இருவரும் ஒன்றாகச் சாப்பிடக்கூடாது, ஒரே காரில் போகக்கூடாது என்ற அளவுக்கு இந்த விதி இறுக்கமாக இருந்தது.

பணத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. நிஜமான மல்யுத்தம், தெரிந்தவர்களுக்கு அழகானது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்குப் பல நேரம் பெரும் சோதனை. 1910இல் லண்டனில் இந்தியாவின் காமாவும் போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் தரையோடு ஒட்டிக் கிடந்து தற்காத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரம் போனது, முடிவில்லை. 1916இல் ஒமாஹாவில் ஜோ ஸ்டெச்சரும் எட் 'ஸ்ட்ராங்லர்' லூயிஸும் மோதியது சுமார் ஐந்து மணி நேரம். அதற்கும் முடிவில்லை. இதே லூயிஸ் 1920களில் பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் ஆகியோரோடு சேர்ந்து ஆட்டத்தையே மாற்றினார். நேரக் கட்டுப்பாடு வந்தது. பார்க்கப் பிரமிப்பான பிடிகளும் வீச்சுகளும் வந்தன. ஒரு நாடகக் குழு மாதிரி வீரர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு வாக்கின் மேல் நிற்கிறது: தோற்கிறேன் என்று சொன்னவர் தோற்க வேண்டும். 1925 ஜனவரியில் வேய்ன் மன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரைச் சாம்பியன் ஆக்கினார்கள். ஆள் பிரம்மாண்டமாக இருப்பார், ஆனால் மல்யுத்தம் அவ்வளவாகத் தெரியாது. ஏப்ரலில் பிலடெல்பியாவில் அவரிடம் தோற்பதற்காக ஒரு மூத்த வீரரை அமர்த்தினார்கள். அவர் வேறு யாருமில்லை, லண்டனில் காமாவிடம் இரண்டரை மணி நேரம் தாக்குப்பிடித்த அதே ஸ்பிஸ்கோ. அவர் வளையத்துக்குள் போய், சொன்ன வாக்கை விட்டுவிட்டு, நிஜமாகவே மன்னைத் தூக்கிப் போட்டு, மறுபடியும் மறுபடியும் தோளைத் தரையில் அழுத்தினார். பட்டம் போய்விட்டது. எதிராளி ஒத்துழைக்கவில்லை என்றால் சாம்பியன் ஒன்றுமே இல்லை என்பதை எல்லோரும் பார்க்கும்படி காட்டிய நாள் அது.

தொலைக்காட்சி வந்த காலத்தில் இந்த ரகசியத்தை யாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர் கார்ஜஸ் ஜார்ஜ். சுருட்டிய பொன்னிறக் கூந்தல், ஜொலிக்கும் அங்கி, அவர் வருவதற்கு முன் வளையத்துக்குள் வாசனைத் திரவியம் தெளிக்க ஒரு பணியாள். 1940களின் கடைசியிலும் 1950களிலும் அமெரிக்க வீடுகளில் அவர் முகம் தெரியாத ஆள் குறைவு. மக்கள் அவரைப் பார்க்க வந்தது அவர் ஜெயிப்பதைப் பார்க்க அல்ல. என்றாவது ஒருநாள் அந்த அகம்பாவம் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்க. அந்த ஆசையைத்தான் அவர் விற்றார். இளம் முகமது அலி தன் வாய்வீச்சுக்கு இவரிடம் பாடம் கற்றதாக வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 1959இல் டொராண்டோவில் விப்பர் பில்லி வாட்சனிடம் தோற்று, பந்தயப்படி அந்தப் புகழ்பெற்ற கூந்தலை மழித்துக்கொண்டார் ஜார்ஜ். தன்னிடம் இருந்த மிகப் பெரிய சொத்தை ஒரு தோல்விக்காகக் கொடுத்தார்.

சரி, உடம்பளவில் என்ன நடக்கிறது? 'எல்லாம் பொய்' என்று சொல்பவர்கள் ஒருமுறையாவது வளையத்தின் கீழே குனிந்து பார்க்க வேண்டும். எஃகுச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய மெத்தை, மேலே இறுக்கிக் கட்டிய கித்தான். அவ்வளவுதான். பயிற்சியின் முதல் பாடம் அடிப்பது அல்ல, விழுவது. தொழிலில் அதை 'பம்ப்' என்பார்கள். தாடையை மார்போடு ஒட்டி வைத்து, மூச்சை வெளியே விட்டு, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். கைகள் பக்கவாட்டில் தரையை அறைய வேண்டும். அப்போதுதான் வேகம் ஓரிடத்தில் குவியாமல் பரவும். பரவினாலும் வலிக்கும். அதை ஒரே இரவில் பத்து இருபது தடவை, வாரத்தில் பல இரவு, இருபது வருடம் செய்கிறார்கள்.

ஒருவரைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்திருப்பவரை அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். கீழே இருப்பவர் கழுத்தைப் பாதுகாப்பது மேலே தூக்கியவரின் வேலை. எதிரியாக நடிப்பவர்தான் அந்த நிமிடத்தில் மிக நெருங்கிய காவலர். தூக்கப்படுபவரும் சும்மா இருப்பதில்லை. சரியான நொடியில் துள்ளி, எடையைச் சாய்த்து, தூக்க உதவுகிறார். காதோடு காதாக அடுத்து என்ன என்று பேசிக்கொள்கிறார்கள். தலைப்பூட்டுப் போட்டு இருவரும் தரையில் கிடக்கும் நேரம் சும்மா கிடக்கும் நேரம் அல்ல, பெரும்பாலும் பேசிக்கொள்ளும் நேரம். நிஜமாகவே காயம் என்றால் நடுவர் கைகள் இரண்டையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்து உள்ளே இருப்பவர்களுக்குச் சைகை காட்டுவார். அமெரிக்காவில் எதிராளியின் இடது கையையும் இடது காலையும் பிடித்து வேலை செய்வது வழக்கம்; மெக்ஸிகோவில் வலது பக்கம். ஒருவருக்கொருவர் மொழி தெரியாத இரண்டு பேர் வளையத்துக்குள் சந்தித்தால்கூட, பிடிக்கும் பக்கத்தை வைத்தே பேச்சு தொடங்கிவிடும்.

அடி வாங்குவதை நம்பும்படி காட்டுவதற்கு 'செல்' என்று பெயர். பத்தாவது நிமிடத்தில் முழங்காலில் அடி வாங்கியவர் இருபதாவது நிமிடத்தில் ஓடும்போதும் அந்தக் கால் லேசாக இழுக்க வேண்டும். இதை மறந்தால் கதை உடைந்துவிடும். நல்ல வீரருக்கும் சாதாரண வீரருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். 1980களில் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் என்ற இரட்டையர் அணியில் ரிக்கி மார்ட்டன் இருந்தார். சிறிய உடம்பு. அவருடைய வேலை, இரண்டு பெரிய வில்லன்களிடம் மாட்டி நிமிடக்கணக்கில் அடி வாங்குவது; தவழ்ந்து தவழ்ந்து தன் கூட்டாளி ராபர்ட் கிப்சனின் கையைத் தொடப் போவது (தொட்டால்தான் அவர் உள்ளே வந்து ஆட முடியும்); விரல்கள் படும் தூரத்தில் காலைப் பிடித்து இழுக்கப்படுவது; மறுபடியும் தவழ்வது. கடைசியில் கை பட்டதும் அரங்கம் வெடிக்கும். இதை அவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்றால், இன்றும் இரட்டையர் ஆட்டத்தில் இப்படி அடி வாங்குகிற வேலைக்கு மல்யுத்தக்காரர்கள் அவர் பெயரையே சொல்கிறார்கள். அடி வாங்கியே ஒரு தொழில் சொல்லாக மாறியவர். ஒரு கலைஞருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

1987இல் பான்டியாக் சில்வர்டோமில் ஹல்க் ஹோகன் ஆந்த்ரே தி ஜயண்டைத் தூக்கிப் போட்ட காட்சியைப் பார்க்காத மல்யுத்த ரசிகர் இருக்க மாட்டார். அன்றைய கூட்டம் 93,173 என்று நிறுவனம் அறிவித்தது. அந்த எண்ணிக்கை மேல் இன்றும் வாதம் உண்டு. எல்லோரும் ஹோகனின் பலத்தைப் பேசுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஆந்த்ரே. முந்தைய வருடம்தான் முதுகில் அறுவை சிகிச்சை. உடைக்குள் முதுகுக் கச்சை. நிற்பதே சிரமமாக இருந்த காலத்தில், ஹோகனைத் தன் மேல் விழ வைத்து, தன்னைத் தூக்கவும் விட்டுக்கொடுத்தார். அவருக்கு மனம் இல்லையென்றால் உலகத்தில் யாராலும் அவரைத் தூக்கியிருக்க முடியாது. ஹோகனின் புகழில் பாதி ஆந்த்ரே கொடுத்தது.

ஜப்பானுக்குப் போவோம். அங்கே இதே கலை வேறொரு காயத்துக்கு மருந்தாக வந்தது. போரில் தோற்று, அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாத நாடு. 1954 பிப்ரவரியில் முன்னாள் சூமோ வீரர் ரிக்கிடோசானும் ஜூடோ மேதை மசாஹிக்கோ கிமுராவும் சேர்ந்து ஷார்ப் சகோதரர்களை எதிர்த்தார்கள். தெருவில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு முன்னால் கூட்டம் அலைமோதியது. ரிக்கிடோசான் தன் கராத்தே வெட்டால் அந்த உயரமான வெள்ளையர்களை அடித்தபோது, மக்கள் பார்த்தது ஜப்பான் அமெரிக்காவை அடிப்பதை. உண்மையில் ஷார்ப் சகோதரர்கள் கனடாக்காரர்கள். ரிக்கிடோசான் கொரியாவில் பிறந்தவர். அந்தப் பிறப்பை அவர் வாழ்ந்த காலமெல்லாம் மறைத்தே வைத்திருந்தார். ஒரு நாட்டின் மானத்தை மீட்டவர், அந்த நாட்டில் தன் அடையாளத்தைச் சொல்ல முடியாமல் வாழ்ந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அந்த ஆட்டங்களில் அடி வாங்கித் தோற்கும் வேலை கிமுராவுக்கு. அவர் தோற்பார், ரிக்கிடோசான் வந்து காப்பாற்றுவார். கிமுரா யார் என்றால், 1951இல் பிரேசிலுக்குப் போய் ஹீலியோ கிரேசியை நிஜப் போட்டியிலேயே வீழ்த்தியவர். இந்த வேலை அவருக்கு அடிவயிற்றில் எரிந்தது. 1954 டிசம்பர் 22இல் டோக்கியோவில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். சமனில் முடிப்பது என்று பேச்சு இருந்ததாகக் கிமுரா பிறகு சொன்னார். வளையத்துக்குள் நடந்தது வேறு: ரிக்கிடோசான் திடீரென்று நிஜமாகவே அடித்து அவரை நிலைகுலையச் செய்தார். பிலடெல்பியாவில் தோற்க வேண்டியவர் வாக்கை மீறினார். டோக்கியோவில் ஜெயித்தவர் மீறினார் என்பதுதான் கிமுராவின் புகார். இரண்டிலும் ஒரு மனிதர் தன் பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார், அதை அடுத்தவர் பயன்படுத்திக்கொண்டார்.

மெக்ஸிகோவின் மல்யுத்தமான லூச்சா லிப்ரேயில் தோல்விக்கு ஒரு சடங்கே உண்டு. முகமூடியைப் பந்தயமாக வைத்து மோதினால், தோற்றவர் கூட்டத்தின் முன்னால் அதைக் கழற்றித் தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். மறுபடியும் அதைப் போட முடியாது. 1952 நவம்பரில் எல் சாண்டோ, பிளாக் ஷேடோவின் முகமூடியைப் பறித்தார். பிளாக் ஷேடோவின் கூட்டாளி புளூ டீமன் அதற்குப் பழி வாங்கக் கிளம்பினார். அந்தப் பகையிலிருந்துதான் அந்த நாட்டின் மிகப் பெரிய இரண்டு பெயர்கள் உருவாயின. சாண்டோ தன் வெள்ளி முகமூடியைப் பந்தயத்தில் ஒருநாளும் இழக்கவில்லை. 1984 பிப்ரவரியில் இறந்தபோது அதை அணிவித்தே அடக்கம் செய்தார்கள். அவருடைய முகமூடிக்கு அவ்வளவு மதிப்பு எப்படி வந்தது? அவரிடம் முகமூடியையும் முடியையும் இழந்த ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த மதிப்பு அது. அங்கே 'டெக்னிக்கோ' நேர்மையாக ஆடுபவர், 'ரூடோ' முரட்டு ஆள். சாண்டோவே பல வருடம் ரூடோவாக இருந்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெண்கள் மல்யுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1980களின் ஜப்பானில் சிகுசா நகாயோவும் லயனஸ் அசுகாவும் சேர்ந்த 'கிரஷ் கேல்ஸ்' அணிக்குப் பள்ளி மாணவிகள் உயிரையே கொடுப்பார்கள். அவர்களுக்கு எதிரி, முகத்தில் கோரமாக வண்ணம் பூசிய டம்ப் மட்சுமோட்டோ. 1985 ஆகஸ்டில் ஒசாகாவில் நகாயோவும் மட்சுமோட்டோவும் முடியைப் பந்தயமாக வைத்து மோதினார்கள். நகாயோ தோற்றார். வளையத்தின் நடுவில் உட்கார வைத்து அவர் தலையை மழித்தார்கள். அந்தப் பதிவில் மாணவிகளின் கதறல் கேட்கும். அதை ஒருமுறை கேட்டவர் 'இது பொய்தானே' என்று சுலபமாகச் சொல்லிவிட மாட்டார். நாயகி ஜெயித்திருந்தால் அன்று இரவு எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய் மறந்திருப்பார்கள்.

இந்தக் கலையின் அசிங்கமான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டவன் என்றால் வில்லன் என்ற சூத்திரத்தை அமெரிக்க மல்யுத்தம் பல தலைமுறைக்கு ஓட்டியது. போருக்குப் பிறகு ஜெர்மன், ஜப்பானிய வேடங்கள், அப்புறம் ரஷ்யன், அப்புறம் ஈரானியன், அரேபியன். 2004-05இல் முகமது ஹசன் என்ற பாத்திரத்தை உருவாக்கினார்கள். நடித்தவர் இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். அமெரிக்க முஸ்லிமைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்களே என்ற அவருடைய கோபம் தொடக்கத்தில் நியாயமாகவே இருந்தது. ஆனால் பயங்கரவாதக் காட்சி மாதிரி ஒன்றைப் படமாக்கி, அது லண்டன் குண்டுவெடிப்பு நடந்த அதே நாளில் ஒளிபரப்பாகி, பாத்திரமே நிறுத்தப்பட்டது. கூட்டத்தின் வெறுப்பைத் தூண்டிக் காசாக்குவது ஹீலின் தொழில்தான். ஆனால் எந்த வெறுப்பைத் தூண்டுகிறோம் என்ற கேள்வியைக் கேட்காதபோது, வளையத்துக்கு வெளியே வாழும் மனிதர்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள். இதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதல்ல.

ரகசியம் எப்போது உடைந்தது என்று நீங்கள் கேட்கலாம். சந்தேகம் எப்போதுமே இருந்தது. ஆனால் 1989இல் வின்ஸ் மெக்மான் நடத்திய WWF (இன்றைய WWE) மல்யுத்த நிறுவனமே நியூ ஜெர்சி மாநிலச் செனட்டிடம், இது போட்டி விளையாட்டு அல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதற்காகச் செய்தது. தொழிலில் இருந்த மூத்தவர்கள் பலருக்கு அது பெரிய துரோகமாகப் பட்டது. ஆனால் கூட்டம் குறையவில்லை. அடுத்த பத்து வருடத்தில்தான் மல்யுத்தம் அதன் உச்சத்துக்குப் போனது. காரணம் எளிது: மக்கள் ஏமாந்துபோய் வரவில்லை, நம்புவதற்காக வந்தார்கள். கைதட்டி, கூச்சலிட்டு, பெயரைக் கூவி, அவர்களும் ஆட்டத்தில் ஒரு பாத்திரமாக இருக்கிறார்கள். கூட்டம் ஒத்துழைக்காத இரவில் எவ்வளவு பெரிய வீரரானாலும் ஆட்டம் எடுபடாது.

1997இல் மான்ட்ரியலில் நடந்தது அதற்குப் பிறகும் இந்த வாக்குக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதைக் காட்டியது. சாம்பியன் பிரெட் ஹார்ட் வேறு நிறுவனத்துக்குப் போகவிருந்தார். போவதற்கு முன் தோற்றுவிட்டுப் போவது தொழில் மரபு. அதற்கு அவர் மறுக்கவில்லை. தன் சொந்த நாடான கனடாவில், ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்றார். தகுதிநீக்கத்தில் முடிக்கலாம் என்று பேசி வைத்தார்கள். நவம்பர் 9ஆம் தேதி, மைக்கேல்ஸ் ஒரு பிடியில் அவரை மடக்கியிருந்தபோது, ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே மணியடிக்கச் சொன்னார் மெக்மான். வெறும் நாடகத்தில் தோற்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கலைஞர் தன் தோல்வியைத் தானே செய்து காட்டும் உரிமை பறிக்கப்பட்டது. அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

இந்த நம்பிக்கைக்கு உடம்பு கொடுக்கும் விலையும் உண்டு. அதே 1997 ஆகஸ்டில் பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கியபோது கணக்குத் தவறியது. ஆஸ்டினின் கழுத்தில் பலத்த காயம். சிறிது நேரம் அவரால் அசைய முடியவில்லை. ஓவன் கூட்டத்தைப் பார்த்துக் கத்திச் சீண்டி, நேரத்தை இழுத்தார். வெளியே அது வில்லத்தனமாகத் தெரிந்தது; உண்மையில் ஆஸ்டின் மூச்சு விட அவகாசம் கொடுத்தார். பிறகு ஆஸ்டின் தவழ்ந்து வந்து, பலமே இல்லாத ஒரு பிடி போட, அதற்கு ஓவன் தோற்றுக் கொடுத்தார். இரண்டு வருடத்துக்குள் ஓவன் இறந்துபோனார்: 1999 மே 23, கான்சஸ் சிட்டியில், அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் இறங்கி வரும் காட்சிக்காக மேலே நின்றவர், பிடி விலகி வளையத்தில் விழுந்தார். ஜப்பானில் மிட்சுஹாரு மிசாவா. 1990 ஜூனில் மூத்த வீரர் ஜம்போ சுருட்டா அவரிடம் தோற்று அவரை நாயகனாக்கினார். புடோக்கான் அரங்கில் ரசிகர்கள் அழுதார்கள். பிறகு ஏறக்குறைய இருபது வருடம் தலையும் கழுத்தும் தரையில் மோதும் வீச்சுகளைத் தாங்கினார் மிசாவா. 2009 ஜூனில் ஹிரோஷிமாவில் ஒரு பின்வீச்சு வாங்கியவர் எழவே இல்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனம் தன் வீரர்களை ஊழியர்களாக அல்ல, சுயேச்சை ஒப்பந்தக்காரர்களாகவே நெடுங்காலமாக வைத்திருக்கிறது. இவ்வளவு நம்பிக்கையில் ஓடும் தொழில், அந்த உடம்புகளுக்குக் குறைந்தபட்சம் முழு மருத்துவப் பாதுகாப்பாவது தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் ஒரே ஒரு ஆட்டம் பார்ப்பதாக இருந்தால் 1997 மார்ச் 23ஆம் தேதி, சிகாகோ பக்கத்தில் நடந்த பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டின் ஆட்டத்தைப் பாருங்கள். ஒருவர் சரணடையும் வரை நடக்கும் ஆட்டம். ஹார்ட் நல்லவராக உள்ளே வந்தார், ஆஸ்டின் கெட்டவராக வந்தார். முதல் தடவை முழுவதையும் பாருங்கள். இரண்டாவது தடவை ஹார்ட்டை விட்டுவிட்டு ஆஸ்டினை மட்டும் பாருங்கள். கடைசியில் ஹார்ட் அவர் கால்களை மடக்கிப் பூட்டியிருப்பார். ஆஸ்டினின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து பல்லிடுக்கில் இறங்கும். கைகளை ஊன்றி எழப் பார்ப்பார், ஒரு கணம் பூட்டு விடுபடப் போவது போல இருக்கும், மறுபடியும் சரிவார். சரணடைய மாட்டார். நினைவு தப்பியதால்தான் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். ஜெயித்த ஹார்ட் விழுந்து கிடப்பவரை மேலும் அடிக்கப் போவார். கூட்டம் அவரைக் கூச்சலிட்டு விரட்டும். பிறகு ஆஸ்டின் கண் திறப்பார். தூக்கிவிட வந்த ஒரு நடுவரையே அடித்துத் தள்ளிவிட்டு, யார் தோளையும் பிடிக்காமல், நொண்டிக்கொண்டே அந்த நீண்ட பாதையில் தனியாக நடந்து போவார். அப்போது அரங்கம் யார் பெயரைக் கூவுகிறது என்று கேளுங்கள்.